வெயிலில் பிடித்த பேனர்

புகழ்வேந்தனின் அச்சகத்திலிருந்து அழைப்பு வந்தபோது, மரிய அருள் வில்லியனூரில் ஒரு கடையின் அச்சு எந்திரத்தைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றான். எண்ணைக் கண்டதும் எடுக்கவில்லை. மீண்டும் அடித்தபோது எடுத்தான். பேசியவள் சுகன்யா; அந்த அச்சகத்தில் கணினி முன் அமர்ந்து பேனர்களை வடிவமைப்பவள்.

"அண்ணே, மெஷினு சூடாவ மாட்டேங்குது. நாளைக்கிக் காலையில அபிஷேகப்பாக்கத்துல செடலு திருவிழா. பேனர் அத்தினியும் ஈரமாவே வருது. மெட்ராஸ் மெக்கானிக்கு வர ரெண்டு நாளு ஆவும்ங்கறான். மொதலாளி உன்னக் கூப்புடச் சொன்னாரு."

"வாயால சொன்னாரா?"

"வாயால சொல்லல. உன் நம்பர எழுதி என் டேபிள்மேல தூக்கிப் போட்டாரு."

"வரேன்னு சொல்லு" என்றான் மரிய அருள். இந்த அழைப்புக்காகவே அவன் இரண்டு ஆண்டுகள் காத்திருந்தான்.

அதற்கு முன்பு அவன் அந்த அச்சகத்திலேயே எந்திரம் பார்க்கும் பணியாள். ஈஸ்டருக்காக அவன் விடுப்பில் இருந்தபோது அங்கே தீப்பிடித்தது. எந்திரத்தின் வெப்பத் தகடு அளவுமீறிச் சூடேறி, மேலே கிடந்த பேனர்ச் சீலை பற்றிக்கொண்டது. எவருக்கும் காயமில்லை, கூரையில் ஒரு பகுதியும் வாடிக்கையாளர்களின் பேனர்களும் கருகின. காரணம் எதுவென்று புகழ்வேந்தன் விசாரிக்கவில்லை. கரி ஆறுவதற்குள், அச்சகத்தை ஒட்டிய தவளக்குப்பம் சந்திப்பில் மரிய அருளின் முகத்தைப் பத்தடி அகலத்தில் தொங்கவிட்டான். 'இவருடைய தவறான வேலையால் எங்கள் நிறுவனத்தில் தீ விபத்து ஏற்பட்டது. இவரிடம் எந்திரத்தைக் கொடுத்து ஏமாற வேண்டாம்' என்பது அதன் வாசகம். பிறந்தநாளுக்கும் காதணி விழாவுக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் மனித முகங்களைச் சாலையில் தூக்கி நிறுத்துவது நம் பக்கத்து வழக்கம். உயிரோடிருப்பவனின் பிழைப்பைக் கொல்லவும் அதே வழக்கம் உதவும் என்று கண்டறிந்த பெருமை புகழ்வேந்தனையே சேரும்.

மரிய அருளின் தாய் பாத்திமா மேரி, பாகூர் வயல்களுக்கு நடவுக்குப் போக அந்தச் சந்திப்பில்தான் பேருந்து ஏறுவாள். மகனின் படத்துக்கு நேர் எதிரே நிற்க வேண்டும். "உன் மவன் சினிமாக்காரனாட்டம் ஆயிட்டானே" என்று உடன் வரும் பெண்கள் சிரித்தார்கள். மறுநாள் முதல் அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்த நிறுத்தம்வரை நடந்துபோய் ஏறினாள். மழையும் காற்றும் சேர்ந்து கிழித்தெறியும்வரை அந்தப் பேனர் அங்கேயே தொங்கியது. அதுவரை அவள் நடந்தாள்.

மரிய அருள் அச்சகத்துக்குள் நுழைந்தபோது தரை முழுவதும் ஈரப் பேனர்கள் விரிந்து கிடந்தன. மையின் நெடி கண்ணைக் கரித்தது. அவசரத்தில் சுருட்டிவைத்த ஒன்றைப் பிரித்துப் பார்த்தான். வாழ்த்துவோர் வரிசையில் நின்ற இளைஞர்களின் முகங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக் குழம்பியிருந்தன.

"வா தம்பி, வா. வெயில்ல வந்துருக்க. ஜூஸ் சொல்லட்டா?" என்றான் புகழ்வேந்தன்.

"தம்பியா? டேய்னுதான கூப்புடுவீங்க. அப்புடியே கூப்புடுங்க, எனக்குக் காது கேக்கும்."

சுகன்யா கணினித் திரைக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

அகல அச்சு எந்திரத்தில் சூடு மூன்று இடங்களில் வேண்டும்: சீலை உள்ளே நுழையும் இடத்தில், மை விழும் இடத்தில், அச்சான சீலை வெளியே சரிந்து இறங்கும் தகட்டில். ஓரிடத்தில் கோளாறு என்றாலும் மூன்றையும் நிறுத்திவிடும்படி இந்த எந்திரம் அமைந்திருந்தது. வேண்டிய வெப்பம் நாற்பத்தைந்து என்றும், இருக்கும் வெப்பம் முப்பத்து நான்கு என்றும் அதன் திரை காட்டியது. முப்பத்து நான்கு என்பது எந்திரத்தின் சூடன்று. ஆடி மாதத்துத் தவளக்குப்பத்தின் சூடு.

மின்சாரம் குறைவின்றி வந்தது. சூடேற்றச் சொல்லும் ஆணையும் வந்தது. மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலேயின் சிறு விளக்கு சிவப்பாக எரிந்தது. ஆயினும் தகடு சூடேறாமலே கிடந்தது. மரிய அருள் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பின்மூடியைக் கழற்றினான். மல்டிமீட்டரின் முனைகளை வெப்பக் கம்பியில் வைத்தான். கம்பி பழுதின்றி இருந்தது. தெர்மல் ஃபியூஸில் வைத்தான், மீட்டர் அசையவில்லை. சூடு எல்லை மீறினால் உருகி, மின்சாரத்தை அறுத்துவிடுவதற்காக வைக்கப்பட்ட காவல் அது. தன் கடமையைச் செய்துவிட்டுச் செத்திருந்தது.

காரணமின்றி அது உருகாது. மேலும் தேடினான். தகட்டின் சூட்டை அளக்கும் சென்சார், ஒட்டியிருந்த இடத்திலிருந்து பெயர்ந்து அந்தரத்தில் தொங்கியது. தகடு கொதித்தபோதெல்லாம் அது காற்றை அளந்து, 'சூடு போதவில்லை' என்று பொய் சொல்லியிருக்கிறது. அதைச் சுற்றி மஞ்சளாக ஏதோ காய்ந்து கிடந்தது. விரலால் சுரண்டி முகர்ந்தான்.

"இன்னாது இது? மீன்கொழம்பா?"

"மொதலாளி டிபன் கேரியர அந்தத் தகடுமேலதாண்ணே வெப்பாரு, சூடா இருக்கட்டும்னு. போன வாரம் வஞ்சிரம். கவுந்துபோச்சு" என்றாள் சுகன்யா.

"ஏய், நீ டிசைனப் பாரு!" என்று அவளை அதட்டிவிட்டுப் புகழ்வேந்தன் இவன் பக்கம் திரும்பினான். "சென்சார்தான? ஒட்டிட்டு ஆன் பண்ணு."

"ஒட்டிடலாம். ஃபியூஸும் போயிருக்குது."

"இதுக்கா இவ்ளோ நேரம்? ரெண்டு ஒயரையும் சேத்து முறுக்கி வுடுடா, ஓடும். அப்பகூட நான் அப்புடித்தான் முறுக்கி வுட்டேன். ரெண்டு நாளு ஜம்முனு ஓடுச்சே!"

சுகன்யாவின் கை மவுஸின்மேல் அப்படியே நின்றது.

"எப்ப முறுக்கி வுட்டீங்க?" என்று மரிய அருள் கேட்டான்.

"அது... எப்பவோ."

"ரெண்டு நாளு ஓடுச்சு. மூணாம் நாளு?"

புகழ்வேந்தன் துண்டால் கழுத்தைத் துடைத்தான்.

"மூணாம் நாளு நெருப்பு புடிச்சுது. அன்னிக்கி நான் கோயில்ல முழங்கால் போட்டுகினு இருந்தேன். என் படம் சந்திப்புல தொங்குச்சு."

"பழசயெல்லாம் இன்னாத்துக்குக் கிளர்ற? வேலயப் பாருப்பா."

மரிய அருள் பையிலிருந்து ஒரு புதிய ஃபியூஸை எடுத்துக் காட்டினான். பிறகு அதைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"கூலி வேணாம். ஒரு பேனர் வேணும். பத்தடி. உங்க படம் போட்டு. 'மரிய அருள்மேல் நான் சுமத்திய பழி பொய். எந்திரத்தின் காவலை அறுத்துத் தீக்கு வழிசெய்தவன் நானே. புகழ்வேந்தன்.' அவ்ளோதான்."

"செடலு முடியட்டும், அடிச்சித் தரேன்."

"இப்பவே."

"மெஷினே சூடாவல, எப்புடிடா அடிக்கறது?"

"சூடில்லாமயும் அடிக்கும். ஈரமா வரும். ஒரே ஒரு பேனர்தான, வெயில்ல காய வெக்கலாம். அது காஞ்சி சந்திப்புல ஏறட்டும், ஃபியூஸு உள்ள போவும்."

"நீ இன்னா ரவுடியா? போலீஸக் கூப்புடட்டா?"

"கூப்புடுங்க. ஒயர முறுக்குனத அவங்ககிட்டயும் சொல்லுங்க."

அப்போது புகழ்வேந்தனின் கைப்பேசி ஒலித்தது. அபிஷேகப்பாக்கத்து விழாக் குழுவினர். "பேனர் ரெடியாண்ணே? காலையில எங்க மூஞ்சி ரோட்டுல இல்லன்னா, அப்புறம் ஒன் மூஞ்சி நல்லா இருக்காது" என்ற குரலும் அதைத் தொடர்ந்த சிரிப்பும் அனைவருக்கும் கேட்டன. புகழ்வேந்தன் கைப்பேசியை அணைத்தான். பிறகு, "அடி" என்றான்.

"எந்தப் படம் போடட்டும் மொதலாளி?" என்று சுகன்யா கேட்டாள். "பொறந்தநாளுக்கு எடுத்தது ரெண்டு இருக்குது. கூலிங்கிளாஸ் போட்டதா, வேட்டி கட்டிக் கும்புடறதா?"

"கும்புடறத போடு" என்றான் மரிய அருள்.

"ஆமாண்ணே, இதுக்கு அதான் செட்டாவும்."

பேனர் சொட்டச் சொட்ட ஈரமாக வெளியே வந்தது. எங்கேனும் மடிந்தால் மை மையோடு ஒட்டிக்கொள்ளும். மீண்டும் முதலிலிருந்து அச்சிட வேண்டும். ஆகவே அதைத் தொங்கவிடாமல் விறைப்பாக விரித்து வைக்க வேண்டும். ஒரு முனையைக் கடைப் பலகையின் இரும்புத் தூணில் மரிய அருள் கட்டினான். மறு முனையைக் கட்ட மின்கம்பத்தின் இழுகம்பி அருகிலேயே இருந்தது. அவன் அதைப் பார்த்தான், கட்டவில்லை. மறு முனையின் இரு மூலைகளையும் புகழ்வேந்தனின் கைகளில் கொடுத்தான்.

"இழுத்துப் புடிங்க. மடிஞ்சா மறுபடியும் அடிக்கணும்."

கடலூர்ச் சாலையின் ஓரத்தில், உச்சி வெயிலில், தன் முகத்தைத் தானே இழுத்துப் பிடித்துக்கொண்டு புகழ்வேந்தன் நின்றான். வாகனங்கள் வேகம் குறைந்தன. எதிர்க்கடைக்காரர்கள் இறங்கி வந்து வாய்விட்டுப் படித்தார்கள். ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் தலையை வெளியே நீட்டினார்.

"இன்னா புகழு, ஒன் பேனர நீயே புடிச்சிகினு நிக்கற? கட்ட ஆளு கெடைக்கலயா?"

புகழ்வேந்தன் முகத்தைத் திருப்பினான். திருப்பிய பக்கமும் சாலைதான்.

மரிய அருள் உள்ளே சென்று தகட்டைத் துடைத்தான். சென்சாரைப் புதிய பிசின் வைத்து அதன் இடத்தில் ஒட்டினான். ஃபியூஸ் மட்டும் சட்டைப் பையிலேயே இருந்தது. நடவு முடிந்து பெண்கள் திரும்பும் பேருந்து வரும் வேளையில் வெளியே வந்து நின்றான்.

பேருந்திலிருந்து பாத்திமா மேரி இறங்கினாள். காலில் வயற்சேறு காய்ந்திருந்தது. கூட்டத்தைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், பிறகு பேனரைப் பார்த்தாள். உடன் இறங்கிய பெண்கள் இம்முறை சிரிக்கவில்லை.

"இன்னாடா அருளு, இவுரு மூஞ்சி இங்க தொங்குது? இன்னா எழுதியிருக்குது? கண்ணாடிய வூட்டுல வெச்சிட்டு வந்துட்டேன்."

"அவரையே படிக்கச் சொல்லும்மா."

"படிப்பா" என்றாள் பாத்திமா மேரி.

புகழ்வேந்தன் மூலைகளை விடாமல் குனிந்து படித்தான். குரல் நெஞ்சுக்குள்ளேயே நின்றது.

"கேக்கல. பஸ்ஸு சத்தம். நல்லா சொல்லு."

அவன் மீண்டும் படித்தான். 'வழிசெய்தவன் நானே' என்னும் இடம்வரை பேருந்தின் நடத்துநர் விசில் ஊதவில்லை. பயணிகள் சன்னல்களில் காத்திருந்தார்கள்.

"தெரியாம நடந்துபோச்சும்மா" என்றான் புகழ்வேந்தன். "கை கடுக்குது. கட்டிடச் சொல்லும்மா."

பாத்திமா மேரி பேனரின் அருகே சென்றாள். கும்பிட்ட கைகளின் படத்தின்மேல் கட்டைவிரலை வைத்து எடுத்தாள். விரலில் மை கறுப்பாக ஒட்டியிருந்தது. அதை வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டு, பேனரின் வெள்ளை ஓரத்தில் நிதானமாகத் துடைத்தாள்.

"இன்னும் காயலடா. நல்லா இழுத்துப் புடிச்சிகினு நிக்கட்டும்."

பேருந்து நிறுத்தத்தில், முன்பு அவள் நிற்க முடியாமல் போன அதே இடத்தில் உட்கார்ந்து, சோற்றுத் தூக்கைத் திறந்தாள். ஒவ்வொரு வாய்க்கும் ஒருமுறை நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவசரப்படாமல் தின்றாள்.