தேய்ந்த கிண்ணம்

மோகனாவுக்கு இடுப்பு வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. அதற்கு அவள் கணவர் தயாளன் சொன்ன விளக்கங்களைத்தான் பொறுக்க முடியவில்லை.

நாற்காலியை விட்டு எழும்போது தொடையிடுக்கில் சுரீரென்று பிடித்தால், வாயு என்பார். நடையின் முதல் நாலடி நொண்டினால், எடை என்பார். படியேறும்போது உள்ளே எதுவோ நகர்கிறது என்று அவள் சொன்னபோது, "வயசாகுதுலா, மோகனா," என்றார். எல்லாவற்றுக்கும் மருந்து அவர் விற்கும் கடல்பாசிப் பொடி. ஆயர் ஈத்தாமில் அவர்கள் வீட்டில் சோபாவுக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் அந்த டப்பாக்கள்தான். வாங்க ஆளில்லாததால் அவளே குடித்துத் தீர்த்தாள்.

பாயான் பாருவில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்வந்த காலத்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து அவளுடைய இடுப்பு மூட்டு நொறுங்கியது. செயற்கை மூட்டு வைத்தார்கள். உலோகக் குண்டு ஒன்று, அது சுழல ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். பல வருஷம் நன்றாகவே உழைத்தது. அவ்வப்போது வந்து எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.

"வலிக்காத காலுக்கு எதுக்கு டாக்டர்?" என்று தயாளன் கேட்டார்.

ஊருக்கே உடம்பைப் பற்றி வகுப்பெடுக்கிறவர். தெரிந்துதான் சொல்வார் என்று அவளும் விட்டுவிட்டாள். அந்த நம்பிக்கையை இப்போது நினைத்தால் அவளுக்குத் தன்மேலேயே காறித் துப்பத் தோன்றியது.

ஒருநாள் காலை பசாரில், மீன்கடை முன்னால் கால் மடங்கிவிட்டது. ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கடைக்காரர் தூக்கி நிறுத்தினார். வீட்டுக்குப் போகாமல், வாடகை வண்டியில் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். தகவல் தெரிந்து தயாளனும் பின்னாலேயே வந்து சேர்ந்தார்.

டாக்டர் ஷேக் அலாவுதீன் எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். "அக்கா, இந்தக் குண்டு நடுவுல இருக்கணும். மேல ஏறி உட்கார்ந்திருக்கு பாருங்க. அந்தப் பக்கம் பிளாஸ்டிக் தேஞ்சுபோச்சு."

"பின்னால கறுப்பா இருக்கே?" என்று மோகனா கேட்டாள்.

"அங்க எலும்பு இல்ல. பிளாஸ்டிக் தேயத் தேய, கண்ணுக்குத் தெரியாத தூளா உதிரும். உடம்பு அந்தத் தூளோட சண்டை போடும். அதுல பக்கத்து எலும்பும் கரைஞ்சிரும். இப்ப கிண்ணத்துக்குப் பிடிமானம் இல்ல, ஆடுது. ரொம்ப நாளைக்கு வலியே தெரியாது. அதுதான் மோசம். எக்ஸ்ரேயில மட்டும் தெரியும்."

தயாளன் தொண்டையைச் செருமினார். "டாக்டர், எங்க பொடியில கால்சியம் இருக்கு. எலும்பு திரும்ப வளர்ந்துரும்லா."

"வளராது, அண்ணே," என்றார் டாக்டர், மரியாதையாகவே.

மோகனா கணவரைப் பார்த்தாள். அந்த முகத்தில் வெட்கத்தின் சாயல்கூட இல்லை.

"வகுப்பு முடிஞ்சிருச்சுன்னா வெளிய போய் உட்காருங்க. நானும் டாக்டரும் பேசணும்."

இரண்டாவது அறுவை சிகிச்சை முதலாவதைவிடக் கடுமையாக இருந்தது. கரைந்த இடத்தில் எலும்புத் துண்டுகளை வைத்து அடைத்து, புதுக் கிண்ணம் பொருத்தினார்கள். மறுநாள் வார்டில் கண்ணயர்ந்தவளைத் தயாளனின் குரல்தான் எழுப்பியது. பக்கத்துக் கட்டிலில் இடுப்பு முறிந்து படுத்திருந்த செல்வநாயகி டீச்சரின் கையில் ஒரு டப்பா இருந்தது.

"என் வைஃபைப் பாருங்க. நேத்துதான் ஆபரேஷன், இன்னிக்கு முகத்துல என்ன தெளிவு. எல்லாம் இந்தப் பொடிதான்."

மோகனா தலையை மட்டும் திருப்பினாள். "டீச்சர், அதை நான் வருஷக்கணக்கா குடிச்சேன். குடிச்சுக்கிட்டிருக்கும்போதுதான் எலும்பு ஓட்டையாச்சு. வேணும்னா வாங்கிக்குங்க."

செல்வநாயகி டப்பாவைத் திருப்பி நீட்டினார். "எனக்கு வேண்டாம், தம்பி. கொண்டு போங்கோ."

அதற்குள் நர்ஸ் லைலா, பிடித்து நடக்கும் நாலு கால் சட்டத்தோடு வந்துவிட்டாள். ஆபரேஷன் செய்த காலில் முழு எடையும் வைக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே மோகனாவை எழுப்பினாள். வலியில் உயிர் போனது. தயாளன் கைகொடுக்க வந்தார்.

"வேணாம். செக்கப்புக்கும் இனிமே நானே வந்துக்கறேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சட்டத்தின் கால் அவர் செருப்பில் இடித்தது.

"கொஞ்சம் நகருங்க," என்றாள். நகர்ந்தார்.