பி பக்கத்துக் கடைசிப் பாட்டு

பாட்டுக்கு ஒன்றாகப் பெயர் எழுதிய பன்னிரண்டு அட்டைத் துண்டுகளையும் மேசைமேல் பரப்பியதும் லூஸ் தாரி முதலில் தேடி எடுத்தது தன் பாட்டை அல்ல, அக்காவின் பாட்டை. ‘இரண்டாம் குரல்’ என்று எல்வியாவின் சாய்ந்த கையெழுத்தில் எழுதியிருந்த அந்தத் துண்டை எடுத்து மேசையின் வலது கோடியில், புது இசைத்தட்டின் பி பக்கத்துக் கடைசியான ஆறாம் இடத்தில், குப்புறக் கவிழ்த்து வைத்தாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு மூச்சு சீராக வந்தது. மற்ற பதினோரு பாட்டும் அவள் குரல். அவற்றை எப்படி வேண்டுமானாலும் அடுக்கிக்கொள்ளலாம்.

பதினோரு பாட்டு வைத்திருப்பவளுக்கு ஒரே ஒரு பாட்டு வைத்திருப்பவளிடம் என்ன பயம் என்று யாரும் கேட்கலாம். பூரித்திக்கா சகோதரிகள் என்ற பெயரில் இருவரும் பாடிய மூன்று இசைத்தட்டுகள் மெதெயின் நகரத்துப் பேருந்துகளிலும் கசாப்புக் கடைகளிலும் ஓடிக்கொண்டிருந்தன. எழுதியதெல்லாம் எல்வியா. முன்குரல் லூஸ் தாரி. எல்வியா கீழ்ச்சுருதியில் நின்று, தங்கையின் குரல் சரியும் இடத்திலெல்லாம் ஒரு தோள் கொடுத்துப் பாடிவந்தாள். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்ற வரிசையையும் மூன்று தட்டுக்கும் அவளே போட்டாள். துணிமில்லில் தறிக்கட்டை தெறித்து மேலுதட்டில் விழுந்த தழும்பு இருந்ததால், தட்டின் உறைப் படத்தில் மட்டும் எப்போதும் பக்கவாட்டில் நின்றாள்.

இரண்டு மாதத்துக்கு முன் இசைத்தட்டுக் கம்பெனி முதலாளி தோன் லிசிமாக்கோ இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, கடுங்காப்பி வரவழைத்து, ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார். “ஜோடிப் பாட்டுக்குக் காலம் போயிடுச்சு, பொண்ணுங்களா. இந்த எழுபத்தாறாம் வருஷத்துல சனங்க ஒத்தக் குரலத்தான் கேக்குறாங்க. இந்தத் தட்டு வந்ததும் ஒரு பாட்டையும் தாண்டாம ரெண்டு பக்கமும் கேப்பேன். முடியும்போது எவ குரல் என் காதுல நிக்குதோ, அவளுக்கு மூணு வருஷ ஒப்பந்தம். இன்னொருத்தி என்னைத் திட்டிக்கட்டும்.”

“நான் ஒரு பாட்டு தனியாப் பாடிக்கிறேன், தோன் லிசிமாக்கோ. ஒண்ணு போதும்,” என்றாள் எல்வியா. லூஸ் தாரி சிரித்துவிட்டாள். அன்றைக்கு அது சிரிக்கக்கூடிய விஷயமாகத்தான் இருந்தது.

சிரிப்பு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஒரு நாள் காலையில் எல்வியா சமையலறை வாசலில் கிட்டாரோடு உட்கார்ந்து அந்தப் பாட்டைப் பழகினாள். வாழ்நாள் முழுக்க இன்னொருத்தியின் குரலுக்குக் கீழேயே பாடியவள், ஒரு நாள் மேலே ஏறிப் பார்க்கிற பாட்டு. மூன்றாவது சரணத்தில் குரல் படிப்படியாக ஏறி ஓர் உச்சியில் போய் நின்றது. அடுப்பில் லூஸ் தாரி திருப்ப வேண்டிய அரெப்பா சோள ரொட்டி கரிந்து புகைந்தது. பதினெட்டு வருடமாகத் தனக்குக் கீழே இருந்த குரலுக்கு இப்படி ஒரு மாடி இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கரிந்த அரெப்பாவைச் சுரண்டிச் சுரண்டி அக்காவின் தட்டில் வைத்தாள். அன்று மதியமே தோன் லிசிமாக்கோவிடம் போய், “இந்தத் தடவ வரிசைய நான் போடுறேன்,” என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். அக்காவிடமும் சொன்னாள். எல்வியா தையலிலிருந்து தலையைத் தூக்காமல், “போடேன்,” என்றாள்.

கவிழ்த்து வைத்த துண்டை இப்போது அனிபால் நிமிர்த்திப் படித்தார். தட்டில் கோடு வெட்டும் இயந்திரம் அவர் பொறுப்பு. இருபது வருடமாக அந்த ஊசிக்குப் பக்கத்தில் குனிந்து குனிந்து கழுத்தே ஒரு பக்கம் சாய்ந்துபோன மனிதர்.

“ஆறாவதா? தெரிஞ்சுதான் வைக்கிறியாம்மா? உள்ள போகப் போக வட்டம் சின்னதாயிடும். சத்தத்துக்கு இடம் பத்தாது. உச்சத்துல கத்துனா கிழியும். தகரத்துல ஆணி கீறுன மாதிரி இருக்கும்.”

“தெரியும்.”

“எதுக்கும் ஒரு தடவ பதிவு நாடாவப் போட்டுக் கேட்டுட்டு வையி.”

“ஒரு மாசமா சமையக்கட்டுல அதத்தான கேக்குறேன். அட்டைத் துண்ட அப்படியே வையுங்க.”

நாடாவில் இருந்ததை அவள் கேட்டதில்லை. எல்வியா பாடிப் பதிவு செய்த அன்று, தட்டின் உறைக்குப் படம் எடுக்க லூஸ் தாரி பூங்காவில் மஞ்சள் உடையில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மற்றபடி வரிசையை அவள் ஆசையாகத்தான் போட்டாள். அதில் அவளுக்குக் கைத்திறனும் இருந்தது. முதல் இடத்தில், வாசலிலேயே கையைப் பிடித்து இழுக்கிற துள்ளல் பாட்டு. இரண்டாவது அதைவிட அரை அடி நிதானம், வந்தவர்கள் உட்காருவதற்கு. மூன்றாவதில் காதல், நான்காவதில் அழுகை. அழுதவர்களை அப்படியே விட்டால் எழுந்து போய்விடுவார்கள், எனவே ஐந்தாவதில் கிண்டல். ஒரே சுருதியில் இரண்டு பாட்டு அடுத்தடுத்து வந்தால் இரண்டும் ஒன்றாகக் குழைந்துவிடும் என்று நடுவில் வேறொன்றைச் செருகினாள். இதெல்லாம் எல்வியா வரிசை போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துப் படிந்த புத்தி. அக்கா கொடுத்த கத்தி என்று அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

பி பக்கத்தில் ஐந்தாம் இடம் மட்டும் காலியாக இருந்தது. கையில் மிச்சம் இருந்தது அவளுடைய வாணவேடிக்கை போன்ற பாட்டு: நான்கு டிரம்பெட், மேளம், கடைசியில் அவள் அடித்தொண்டையைத் திறந்து பிடிக்கிற ஒரே ஒரு நீண்ட உச்சம். நியாயமாக அது பி பக்கத்தைத் திறக்க வேண்டிய பாட்டு. அதைக் கொண்டுபோய் ‘இரண்டாம் குரலு’க்கு நேர் முன்னால் வைத்தாள். அவ்வளவு ஆரவாரத்துக்குப் பின்னால் ஒற்றைக் கிட்டாரோடு வருகிறவள், எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவியபின் பந்திக்கு வந்தவள் மாதிரி நிற்பாள்.

“அஞ்சாவதும் உள்வட்டம்தான்மா,” என்றார் அனிபால்.

“என் குரல் தாங்கும்.”

அவர் துண்டுகளை வரிசை மாறாமல் ரப்பர் வளையம் போட்டுக் கட்டி எடுத்துக்கொண்டு போனார்.

மாதிரித் தட்டு சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தது. திங்கள் காலை பத்து மணிக்கு முதலாளி கேட்பார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து, வீடிருக்கும் மான்ரிக்கே மேட்டுக்கு மூச்சு வாங்க ஏறி வந்ததும், எல்வியா தலைமுக்காட்டை மடித்து வைத்துவிட்டு, “போடு, கேப்போம்,” என்றாள். அடுத்த வீட்டு வானொலியில் கால்பந்து வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது. லூஸ் தாரி சன்னலைச் சாத்தினாள்.

முதல் பக்கம் தண்ணீர் மாதிரி ஓடியது. எல்வியா பொத்தான் தைத்துக்கொண்டே தலையை ஆட்டினாள். “நாலாவது நல்ல இடத்துல வச்சிருக்க,” என்றாள். பாராட்டுதான். அது லூஸ் தாரிக்குப் பிடிக்கவில்லை.

பி பக்கத்தில் ஐந்தாவது வந்தது. டிரம்பெட்டுகள் கொஞ்சம் கரகரத்தன. போகட்டும் என்று இருந்தாள். கடைசி உச்சத்தில் அவள் குரல் ஏறியது, ஏறிய இடத்திலேயே கிழிந்தது. பாதிக்கு மேல் குரலே இல்லை, வெறும் சீறல். லூஸ் தாரியின் காது மடல் சூடேறியது. சரி, எனக்கே இந்தக் கதி என்றால் அவளுக்கு என்ன ஆகும் என்று அந்த நேரத்திலும் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. வெட்கமில்லாத சந்தோஷம்.

அதன்பின் இரண்டு விநாடி நிசப்தம்.

அந்த ஆரவாரத்துக்குப் பிறகு, கிட்டாரின் முதல் கம்பி அறைக்குள்ளேயே யாரோ மீட்டியது போல இருந்தது. எல்வியாவின் குரல் கீழே, மிகக் கீழே, பேசுகிற மாதிரி தொடங்கியது. லூஸ் தாரி மூன்றாவது சரணத்துக்காகக் காத்திருந்தாள். சரணம் வந்தது. குரல் ஏறவில்லை. ஏற வேண்டிய இடத்தில் இன்னும் ஒரு படி கீழே இறங்கியது. கீறல் இல்லை, சீறல் இல்லை. அந்தச் சின்ன வட்டத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது.

“மாத்திட்ட,” என்றாள் லூஸ் தாரி.

“ஆமா.”

“எப்ப?”

“நீ வரிசைய நான் போடுறேன்னு சொன்ன அன்னைக்கு.” எல்வியா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “நீ எங்க கொண்டுபோய் வைப்பன்னு தெரியாதா எனக்கு? ஆறு வயசுல உனக்குத் தலை பின்னி விட்டவடி நான். கடைசி வட்டத்துல உச்சி நிக்காது. அதான் இறக்கிட்டேன். வீட்டுல மட்டும் பழைய மாதிரியே பாடிக்கிட்டிருந்தேன்.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல.”

“சொல்லியிருந்தா வேற எங்கயாச்சும் வச்சிருப்ப.”

லூஸ் தாரிக்கு அழுகைக்குப் பதில் வார்த்தைதான் வந்தது, கையில் அகப்பட்ட கல் மாதிரி. “அந்த உதட்ட வச்சுக்கிட்டு மேடையில போய் நிப்பியா? எவன் பாப்பான் உன்னை?”

எல்வியா தழும்பை விரலால் ஒரு முறை தடவிப் பார்த்தாள், அது இன்னும் அங்கேதான் இருக்கிறதா என்பது போல. “பாக்க மாட்டான். நாளைக்கு முதலாளி கேக்கத்தான போறாரு.” பிறகு, கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “ஆனா அந்த டிரம்பெட்ட நீ எனக்கு முன்னாடி வைப்பன்னு நான் நெனைக்கல. அவ்வளவு சத்தத்த நிறுத்தி எனக்கு வழி விட்டது நீதான். அது நீயா குடுத்தது.”

திங்கள் பத்து மணிக்குள் வரிசையை மாற்ற வழியில்லை. இன்று ஞாயிறு, கம்பெனி பூட்டிக் கிடக்கும், அனிபால் கால்பந்து மைதானத்தில் இருப்பார். லூஸ் தாரி மனதுக்குள் அட்டைத் துண்டுகளை மறுபடி பரப்பினாள். அக்காவை முதலில் வைத்தாள்; பின்னால் வந்த தன் குரல் சிறுபிள்ளையின் குரலாகக் கேட்டது. நடுவில் வைத்தாள், அதற்கு முன்னும் பின்னும் இருந்தவை வெளுத்தன. எங்கே வைத்தாலும் அந்த இடம்தான் தட்டின் நடுவாக இருந்தது. அந்தப் பாட்டை எடுத்தே விடலாம் என்றாலும், அவள் காதில் விழுந்தது விழுந்ததுதான்.

ஊசி கடைசிக் கோட்டில் டொக், டொக் என்று முட்டிக்கொண்டிருந்தது. ஒருத்தியும் எழவில்லை.

“இன்னொரு தடவ கேக்கணும்,” என்றாள் லூஸ் தாரி, யாரிடமோ சொல்வது போல.

“நீயே போட்டுக்க. கடைசிப் பாட்டு எங்க ஆரம்பிக்குதுன்னு உனக்குத்தான தெரியும்.”

லூஸ் தாரி எழுந்து போய், ஊசியைத் தூக்கிப் பிடித்துக் குனிந்தாள். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் மயிரிழை அகலத்துக்கு ஒரு கறுப்பு இடைவெளி சுற்றிக்கொண்டிருந்தது. அதைக் குறிவைத்து இறக்கினாள். ஊசி இரண்டு கோடு முன்னால், ஐந்தாம் பாட்டின் முடிவில் விழுந்தது. சாத்திய அறை முழுக்க அவள் குரல், உச்சியில், கிழிந்து கிழிந்து கத்தியது.