ஆறாத கைப்பிடி

கமுதிப் பக்கத்து ராக்கப்பனின் வம்சத்தில் நான்கு தலைமுறையாக யாரும் எதற்கும் பயந்ததில்லை. அமீரகத்து அல் ஐனுக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து அவனே பலமுறை அறிவித்த செய்தி இது. அவன் பாட்டனைக் கண்டு பேய் ஒன்று வழி மாறிப் போனது, அப்பனைக் கடித்த பாம்பு மறுநாள் வந்து அவர் நலமா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனது ஆகிய கிளைச் செய்திகளும் உண்டு. மறுப்பதற்கு ஊர்க்காரர் எவரும் அருகில் இல்லாததால் செய்தி நிலைத்துவிட்டது. இந்த நிலையில்தான் முஸப்பா என்கிற பெரியவருடைய பழைய பிஸ்டல், அவர் இறந்தபிறகு, ராக்கப்பனின் முதலாளி வீட்டுக்கு விலைக்கு வந்தது. முஸப்பாவை அடக்கம் செய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பிஸ்டலின் கைப்பிடியில் அவருடைய கைச்சூடு மட்டும் இன்னும் ஆறியிருக்கவில்லை.

முதலாளியை எல்லோரும் அர்பாப் என்றுதான் சொல்வார்கள். பெயர் சுஹைல். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். முஸப்பாவோடு ஒரே கூடாரத்தில் படுத்து எழுந்தவர். பிஸ்டலைக் கொண்டுவந்தது முஸப்பாவின் மூத்த மகன். ஆயுதத்தைக் கைமாற்றுவதற்கான அனுமதிகள் எல்லாம் முறைப்படி வந்துவிட்டன. அர்பாப் ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அந்த ஒரு வார்த்தையில்தான் சிக்கல். அர்பாப் யோசிக்கிற மனிதர். மஜ்லிஸ் என்கிற விருந்தினர் கூடத்தின் திரைச்சீலையை மாற்றலாமா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் பழைய சீலை நாகரிகம் போய், மறுபடி நாகரிகத்துக்கு வந்துவிட்டது. ஒன்றை யோசித்துக்கொண்டிருக்கும்போது இன்னொன்றை முடிவு செய்யவும் மாட்டார்.

பிஸ்டல் பெரிய உடல்வாகு கொண்டது. செமி ஆட்டோமேட்டிக். தோல் உறையில் வருஷக்கணக்காக நுழைந்து வெளியேறியதில் முனைப் பக்கம் கறுப்பு தேய்ந்து வெள்ளி தெரிந்தது. இந்த வயதில் என் மணிக்கட்டு இந்தக் கனத்தைத் தாங்குமா, கைப்பிடி என் விரலுக்கு அதிக அகலமில்லையா, தகர டப்பாவைத் தவிர எனக்கு இனி எதிரி யார் என்று அர்பாப் எடுத்து எடுத்துப் பார்த்தார். சுடும் பயிற்சிக்கூடத்தில் இருந்து ஒரு பெஷாவர் மெக்கானிக்கை வரவழைத்தார். அவன் பிரித்துப் போட்டு, குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்து, குழல் நன்றாக இருக்கிறது, ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, மாற்றிவிடலாம் என்றான். கைப்பிடியைத் தொட்டதும் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, “இந்தச் சூட்டுக்கு ஸ்பேர் பார்ட் மாஃபி, எங்கேயும் கிடையாது, அர்பாப்” என்று சொல்லிவிட்டு, கூலி வாங்காமல் வண்டியேறினான்.

அர்பாப் யோசிக்கத் தொடங்கினார். பிஸ்டல் திறந்த பெட்டியோடு மஜ்லிஸில், முஸப்பா வழக்கமாக உட்காரும் மூலையில் வைக்கப்பட்டது. சில நாளில் அந்த மூலை மெத்தை, ஒரு கனத்த ஆள் உட்கார்ந்தது மாதிரி பள்ளம் விழுந்து, நிமிரவில்லை. ஏசி எவ்வளவு வைத்தாலும் அங்கே மட்டும் வெதுவெதுப்பாக இருந்ததால் வீட்டுப் பூனை அங்கே படுத்தது. கைப்பிடியைப் பற்றிப் பார்த்தவர்கள், உள்ளே ஏற்கெனவே ஒரு கை இருப்பதாகவும், அது இறுக்கவோ விடவோ இல்லாமல் பொறுமையாக இருப்பதாகவும் சொன்னார்கள். தோட்டத்தில் பேரீச்சங்குலைகள் மஞ்சளானதோடு நின்றன. கனியவில்லை, உதிரவுமில்லை. பக்கத்துத் தோட்டங்களில் அறுவடை முடிந்து ஓலை கழித்தாயிற்று. அர்பாப் வீட்டுக் குலைகள் மட்டும் அவருடைய முடிவுக்குக் காத்திருப்பவை போல மஞ்சளாகவே தொங்கின.

வீட்டுச் சமையலும் மஜ்லிஸில் கஹ்வா என்கிற அரபுக் காப்பி ஊற்றும் வேலையும் கீழக்கரைக்காரர் கௌஸ் முகம்மதுவுடையவை. ராக்கப்பன் அவரை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிடுவான். மஜ்லிஸைக் கடக்கும்போதெல்லாம் காக்கா அந்த மூலையைப் பார்த்து நின்று ஒரு சலாம் சொல்லிவிட்டுத்தான் போவார். ஒரு பிஞ்சானில், அதாவது கஹ்வா குடிக்கிற காதில்லாத குட்டிக் கோப்பையில், கொஞ்சம் ஊற்றிப் பெட்டிக்கு முன்னால் வைப்பார். கஹ்வா ஆறிப்போகும், கைப்பிடி ஆறாது. ராக்கப்பனுக்குச் சிரித்து மாளவில்லை.

“காக்கா, இரும்புக்குச் சலாம் போடுற ஆள இப்பத்தான் பாக்குறேன். வாசல்ல நிக்கிற லேண்ட் குரூசருக்கு ஒரு வணக்கம் போட்டுட்டு வாங்க, கோவிச்சுக்கிறப் போவுது.”

“வந்திருக்கிறவரு யாருன்னு தெரியுதுல்ல? பிறகென்ன.”

“எங்க பாட்டன் இருந்திருந்தா அதுல வேப்பெண்ணெயப் பூசி பரண்ல போட்டிருப்பாரு.”

“உங்க பாட்டனுக்கு மௌத்தானவங்க எல்லாம் ஒதுங்கி வழி விட்டாங்கப்பா. எனக்கு அப்பிடி விடமாட்டாங்க, நான் சலாம் சொல்லிட்டுத்தான் தாண்டணும்.”

ராக்கப்பன் இந்தச் சிரிப்பை ரொம்ப நாள் தொடர முடியாமல் போனதற்குக் காரணம் அவன் தங்கை அருணாவின் மகள் கனிஷ்கா. கனிஷ்காவுக்குக் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்த வேண்டும்; மாமனோ அல் ஐனில் இருக்கிறான். ஒன்றாம் வகுப்பில் குத்துவதாக இருந்தது, லீவு கிடைக்கவில்லை. மூன்றாம் வகுப்பில் ஒரு கொள்ளைநோய் குறுக்கே வந்து விமானங்களை நிறுத்தியது. இப்போது அவள் ஆறாம் வகுப்பு. வெறும் காதோடு பள்ளிக்கூடப் படத்தில் நிற்கிறாள். அவள் அனுப்பிய குரல் பதிவில், “மாமா, நான் நாப்பது கிலோ ஆயிட்டேன். உங்க மடி தாங்குமா, இல்ல நான் உங்களத் தூக்கி வச்சுக்கிறவா?” என்று கேட்டிருந்தாள். அதை அவன் ரூமில் எல்லோருக்கும் போட்டுக் காட்டிச் சிரித்தான். அடுத்து அருணா அனுப்பியதை யாருக்கும் காட்டவில்லை.

“அண்ணே, வைகாசில தேதி வச்சாச்சு. இனி மாத்த முடியாது. நீ வரலைன்னா கனிஷ்காவோட சித்தப்பா மடி குடுக்குறேங்கிறாரு. குடுக்கட்டும். எனக்கு அண்ணன்னு ஒருத்தர் இருந்தாருன்னு பிள்ளைகிட்ட சொல்லிக்கிறேன்.”

‘இருந்தாரு’ என்ற இடத்தை மட்டும் மூன்று முறை போட்டுக் கேட்டான். அர்பாபிடம் போய் நின்றான். பிஸ்டலையே பார்த்துக்கொண்டிருந்த அர்பாப், “யா ராக்கா, யோசித்துச் சொல்கிறேன்” என்றார். அந்த வீட்டில் அதற்கு என்ன பொருள் என்று மரத்தில் தொங்கும் காய்களுக்கே தெரியும்.

அன்று சாயங்காலம் அடுக்களையில் உட்கார்ந்து ராக்கப்பன் புலம்பினான். “அந்த முஸப்பா உசுரோட இருக்கயிலயே நமக்கு ஆவாது காக்கா. நான் இங்கிட்டு வந்த புதுசு. நீங்க லீவுல ஊருக்குப் போயிருந்தீங்க, என்னைய கஹ்வா ஊத்தச் சொல்லிட்டாக. இவரு வந்தாரு. அர்பாப்கிட்ட என்னமோ தணிஞ்ச குரல்ல கேட்டாரு. அர்பாப் வழக்கம்போல யோசிச்சுச் சொல்றேன்னாரு. அந்நேரம் நான் எம்புட்டு மரியாதையா, விளிம்பு தளும்பத் தளும்ப ஊத்திக் குடுத்தேன் தெரியுமா? எங்கூர்ல சம்பந்திக்குக் கூட அப்பிடி ஊத்த மாட்டோம். தொடாம கீழ வச்சுட்டு எந்திருச்சுப் போயிட்டாரு. பெறகு இந்தப் பக்கமே வரல.”

காக்கா அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார். “நிறைச்சா குடுத்தே?”

“தளும்பத் தளும்ப.”

“யா அல்லாஹ். இங்க பிஞ்சான்ல அடியில கொஞ்சமாத்தான் ஊத்தணும். மறுபடி மறுபடி ஊத்தணும். போதும்னா அவங்களே கோப்பையை இப்பிடி ஆட்டிக் காட்டுவாங்க. நிறைச்சுக் குடுத்தா, குடிச்சுட்டு இடத்தைக் காலி பண்ணுன்னு அர்த்தம்ப்பா.”

ராக்கப்பன் அடுக்கில் இருந்த பிஞ்சான் ஒன்றை எடுத்து அதன் அடியைப் பார்த்தான்.

“அவரு அன்னைக்கு இந்தப் பிஸ்டலப் பத்தித்தான் கேட்டாரு,” என்றார் காக்கா. “பிள்ளைங்க ரெண்டு பேரும் தோட்டத்துக்காக மல்லுக்கு நிக்கிறானுங்க, இது என் வீட்ல இருந்தா யார் கையிலயாவது ஏறும், நீ வாங்கி வச்சுக்கன்னு. ஊருக்கே தெரியும். அர்பாப் யோசிக்கிறேன்னு சொன்னதுக்கு அவரு மனம் தளரல. பிஞ்சானப் பாத்ததும்தான் இதுதான் பதில்னு போயிருக்காரு. அர்பாபோ, என் வீட்டுக் கஹ்வாவத் தொடாம போயிட்டானேன்னு போய்ப் பாக்கவேயில்ல. மௌத்துக்குத்தான் போனாரு.”

நான்கு தலைமுறையாக வராத ஒன்று அப்போது ராக்கப்பனின் முழங்காலில் வந்து இறங்கியது. அது என்னவென்று அடையாளம் சொல்ல வம்சத்தில் ஆள் இல்லாததால், வாயு என்று நினைத்துக்கொண்டான். அர்பாபிடம் உண்மையைச் சொன்னால் லீவு போகும், வேலையும் போகலாம். சொல்லாவிட்டால் விருந்தாளி அந்த மூலையில் குடிக்காமலே இருப்பார். அர்பாப் யோசித்துக்கொண்டே இருப்பார். வைகாசி வந்து, சித்தப்பா மடி விரிப்பார்.

மறுநாள் அஸர் தொழுகை முடிந்து அர்பாப் மஜ்லிஸில் தனியாக உட்கார்ந்திருந்தபோது, கஹ்வா இருந்த தல்லாக் கூஜாவை இடது கையிலும் பிஞ்சானை வலது கையிலும் பிடித்து ராக்கப்பன் உள்ளே போனான். அர்பாபைத் தாண்டி நேராக மூலைக்குப் போனான். பூனை எழுந்து நகர்ந்து இடம் விட்டது. பிஞ்சானில் விளிம்பு தளும்பத் தளும்ப ஊற்றினான். அதைப் பெட்டியிடம் நீட்டாமல், திரும்பி, அர்பாபின் கண்ணுக்கு நேரே பிடித்தான். விளிம்பு தாண்டிக் கஹ்வா கம்பளத்தில் சிந்தியது.

அர்பாப் அந்தக் கோப்பையை வெகுநேரம் பார்த்தார். “அன்றைக்கும் இப்படியா?”

“ஆமா, அர்பாப். மரியாதைன்னு நெனச்சேன்.” பாதி இந்தியும் பாதி அரபியுமாகச் சொன்னான். மரியாதை என்ற சொல் மட்டும் தமிழிலேயே வந்தது.

அர்பாப் திட்டவில்லை. தலைத்துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மூலையைப் பார்த்து அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. யோசிக்கிற முகம் அல்ல அது.

ராக்கப்பன் நிறைந்த கோப்பையைக் கொட்டிவிட்டு, வேறொரு பிஞ்சானில், அடியில் கொஞ்சமாக ஊற்றி, குனிந்து, பெட்டிக்கு முன்னால் வலது கையால் நீட்டினான். கோப்பை அவன் கையிலேயே லேசாகியது. பார்த்தான், காலி. மறுபடி ஊற்றினான். மறுபடி காலியானது. இன்னொரு தரம் ஊற்றினான். அதுவும் தீர்ந்ததும், பிஞ்சான் அவன் விரல்களுக்கிடையில் இடமும் வலமுமாக மெல்ல ஆடியது. போதும் என்று அர்த்தம். அதற்குமேல் ஊற்றுவது முறையில்லை என்பதால் அவன் நிறுத்திக்கொண்டான்.

“கலாஸ், முடிந்தது,” என்றார் அர்பாப். “வாங்கிக்கொள்கிறேன்.” அவனிடம் சொன்ன மாதிரி தெரியவில்லை. அதே மூச்சில், “ஊருக்குப் போய்விட்டு வா” என்றார். அது அவனிடம்தான்.

அன்று இருட்டுவதற்குள் தோட்டத்துப் பேரீச்சங்குலைகள் அத்தனையும் கனிந்தன. பருவம் தப்பியதால் சந்தையில் நல்ல விலை போயின. முஸப்பாவின் மகன்கள் தோட்டத்துக்காக இன்றுவரை சண்டை போடுகிறார்கள், ஆனால் வாயால் மட்டும். வைகாசியில் கமுதிப் பக்கத்தில் கனிஷ்கா மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டாள். ராக்கப்பனின் இரண்டு காலும் மரத்து, பந்தியில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே சாப்பிட்டான். அருணா அவன் இலையில் இரண்டு முறை பாயாசம் விட்டாள். அங்கே கூடியிருந்தவர்களிடம் தன் வம்சத்துக்குப் பயம் கிடையாது என்ற செய்தியை அவன் அறிவிக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

லீவு முடிந்து அல் ஐன் திரும்பிய அன்று பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மஜ்லிஸைக் கடந்தான். பிஸ்டல் இப்போது சுவரில், பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது. தளர்ந்த ஸ்பிரிங்கை மாற்றியிருந்தார்கள். அலமாரிக் கண்ணாடியில், கைப்பிடி இருக்கிற இடத்துக்கு நேரே, ஒரு மூச்சளவு ஆவி படிந்திருந்தது. காக்கா அடுக்களையில் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. அவர் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ராக்கப்பன் செருப்பைக் கழற்றினான், அலமாரிக்கு எதிரே நின்றான், தொண்டையைச் செருமாமல், மெதுவாக ஒரு சலாம் சொன்னான். பதில் வந்தபிறகு வேலையைப் பார்க்கப் போனான்.