புதன்கிழமை வாய்தா

எங்கள் குடும்பத்தில் யாரும் கோர்ட் படி ஏறியதில்லை. ஆனாலும் எனக்குக் கோலாரில் நில வழக்கு நடப்பதாக ராபர்ட்சன்பேட்டை பஜாரே நான்கு மாதமாக நம்பிக்கொண்டிருந்தது. நான்தான் அப்படிச் சொல்லி வைத்திருந்தேன். மகன் சுதர்சன் குடியை விடுவதற்கு மனநல ஆலோசகரிடம் போகிறான் என்பதைவிட, இல்லாத நிலத்துக்கு வழக்காடுவது கௌரவமாகப் பட்டது.

புதன்தோறும் எங்கள் கடையை மருமகள் சுமாவிடம் விட்டுவிட்டு நானும் அவனும் பஸ் ஏறுவோம். "வாய்தாவுக்கு நேரமாச்சு மாமா" என்று எதிர்க்கடை வரை கேட்கும்படி சொல்வாள். சிரிக்கவே மாட்டாள், அதுதான் எனக்குப் பிடிக்காது. என் கக்கத்தில் சிவப்பு நாடா கட்டிய கோப்பு இருக்கும். உள்ளே பழைய கரண்ட் பில்கள்.

கோலாரில் ஆலோசகர் அறைக்குள் அவன் பேசுவான். நான் வெளியே பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். போன வாரம் ஆலோசகர் வாணியே வெளியே வந்தார். அடுத்த முறை நானும் உள்ளே வரவேண்டும், அவனுக்கு என்னிடம் சொல்ல ஒன்று இருக்கிறது, அதை விழுங்கிக்கொண்டே இருந்தால் மறுபடி பாட்டிலுக்குத்தான் போவான் என்றார். நடுவில் ஒரு புதன் தவறியபோது அன்றே குடித்தவன் அவன்.

இந்தப் புதன் பஸ் கிளம்பும் நேரத்தில் எதிர்க்கடை டெய்லர் சகாயம் ஏறி, என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் கையிலும் ஒரு கோப்பு. அண்ணன்காரன் வீட்டு வழியை அடைத்துவிட்டானாம். என் வக்கீலைப் பார்க்க வேண்டுமாம். நாலு மாதம் விடாமல் வழக்கை ஓட வைக்கிறவர் கெட்டிக்காரராகத்தான் இருப்பார் என்றான். சுதர்சன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சிரிப்பில் தோள் குலுங்கியது.

கோலாரில் இறங்கியதும் மகனைத் தனியே அழைத்து, சகாயத்தைக் கோர்ட் பக்கம் கூட்டிப்போகிறேன், இன்று நீ மட்டும் போ என்றேன். அவன் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது.

"சரிப்பா."

அதே குரல். ஒன்பது வருடத்துக்கு முன் அவன் அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது, நாலு பேர் முன்னால் ஆம்பிளை அழக்கூடாது என்று சொன்னேன். அன்றும் இப்படித்தான் சொன்னான். அந்த வாரம்தான் முதன்முதலாகக் குடித்துவிட்டு வந்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க நான் விரும்பியதே இல்லை.

திரும்பிப் போய்ச் சொன்னேன். "சகாயம், வக்கீலும் இல்ல, கேஸும் இல்ல. இவன் குடிய விடறதுக்கு வர்றோம். இன்னிக்கு நானும் உள்ள போவணும்."

அவன் என் கோப்பைப் பார்த்தான். "அப்போ இதுல இன்னா இருக்குது?"

"கரண்ட் பில்லு."

சற்று யோசித்தான். "முடிச்சு நல்லா போட்டிருக்கீங்கண்ணா. போய்ட்டு வாங்க, திரும்பறப்போ சேர்ந்து போலாம்."

உள்ளே சுதர்சன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "அம்மா போனப்போ நீங்க என்னை அழ வுடலப்பா."

முதுகை நிமிர்த்தினேன். "இப்போ அழு."

"அதட்டாம சொல்லுங்க ஐயா" என்றார் வாணி.

இரண்டாம் முறை சொல்லும்போது அதட்ட வரவில்லை. சுதர்சன் அழுதான். கோப்பைக் கீழே வைத்துவிட்டு, மடிப்புக் கலையாத என் தோள் துண்டை அவனிடம் கொடுத்தேன். என் கண்ணைப் பார்த்து, துண்டின் மறுபாதியை அவனே என் பக்கம் நீட்டினான்.