சுவரைத் தாண்டிய சொல்

கட்டிங் மெஷின் ஓடும்போதெல்லாம் எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றும். ஆனால் இரும்புப் பட்டையின் மறுமுனை என் கையில் இருக்கும். கை கொஞ்சம் ஆடினாலும் வெட்டு வாய் இறுகி, சுழலும் டிஸ்க்கைக் கவ்விக்கொள்ளும். அப்படி ஒருமுறை டிஸ்க் உடைந்து பறந்த தழும்பு, நான் நிற்கும் இடத்துக்கு நேர் பின்னால், சுவரில் ஒரு சாண் நீளத்துக்கு இருக்கிறது. சுண்ணாம்பு பூசி மறைக்கலாமே என்று நான் சொன்னபோது, "இருக்கட்டும், பாத்தா ஜாக்கிரதையா இருப்போம்" என்றார் என் கணவர். எனக்கு ஜாக்கிரதை வரவில்லை, பயம்தான் வந்தது.

கார் இல்லாத எங்கள் கார் ஷெட்டில்தான் அவருடைய பட்டறை. லீவு நாளில் அவர் மூச்சு விடுவதே அங்கேதான். அன்று அவருடைய அக்கா வீட்டு மாடிப்படிக்குக் கைப்பிடி செய்ய, பன்னிரண்டு அடிப் பட்டையை அறுத்துக்கொண்டிருந்தோம். வேலை நடக்கிறதா என்று பார்க்க அக்காவே வந்துவிட்டார்.

"என்னம்மா, இரும்பப் புடிச்சிருக்கியா, பாம்பப் புடிச்சிருக்கியா? மூஞ்சி அப்படி வெளுத்திருக்கு."

"அவளக் கிண்டல் பண்ணாதக்கா. இவ புடிச்சா மட்டம் பாக்க ரசமட்டமே வேண்டாம்" என்று சொல்லிக் காது மூடியை மாட்டிக்கொண்டார் அவர்.

அக்கா சத்தம் தாங்காமல் வீட்டுக்குள் போய்விட்டார். மெஷின் அலறியது. விரல் வலிக்கிறது என்று, ஸ்விட்சை அழுத்தியபடியே பிடித்துவைக்கும் சின்னப் பொத்தானை அவர் உள்ளே தள்ளிவிட்டார். இனி விரலை எடுத்தாலும் மெஷின் ஓடும். தீப்பொறி அவர் கால்மாட்டில் விசிறியாக விரிந்தது. நான்காவது துண்டின்போது என் தோள் மரத்துப்போனது. முனை தாழ்ந்துவிடுமோ என்று பயந்து பட்டையைக் கொஞ்சம் தூக்கிவிட்டேன்.

அந்தக் கொஞ்சம் போதும். டிஸ்க் பாதி வெட்டில் மாட்டி நின்றது. மோட்டார் ஒரு நொடி உறுமியது. பிறகு சத்தம், விளக்கு, எல்லாம் சேர்ந்து போயின.

"அக்கா, ட்ரிப் ஆயிடுச்சு" என்று அவர் உள்பக்கம் பார்த்துக் கத்தினார். "நடையில போர்டு இருக்குல்ல, ரெண்டாவது ஸ்விட்ச்சு. நான் சொன்னதும் மேல தூக்கிப் போடு."

அக்கா ஏதோ பதில் சொன்னது எனக்குத்தான் கேட்டது. அவர் காது மூடியைக் கழற்றவேயில்லை. பிளக்கையும் பிடுங்கவில்லை. பட்டையை இறுக்கிப் பிடித்திருந்த வைஸைத் தளர்த்தினார். பட்டைக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் இடது கையை நுழைத்து, மாட்டியதை நெம்பத் தொடங்கினார். இப்போது பட்டையின் மொத்தக் கனமும் என் கையிலும் அவர் விரல்களிலும் மட்டும்தான். நான் விட்டால் அது புரண்டு அவர் விரல்களை நசுக்கும்.

அவருக்கும் அது தெரியும். தலை நிமிராமலே, காது மூடியவர்கள் பேசுகிற பெரிய குரலில் சொன்னார்: "கீழ போட்டுடாத, கெட்டியா புடி."

சுவருக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது.

"போட்டுடவா? சரிடா, போடுறேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு என் கண் மெஷினின் கைப்பிடிக்குப் போனது. அந்தச் சின்னப் பொத்தான் இன்னும் உள்ளேயே அமுங்கிக் கிடந்தது. கரண்ட் வந்த நொடியே டிஸ்க் சுழலும்.

"என்னங்க" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. நடையில் முக்காலி இழுபடும் சத்தம் வந்தது. அக்கா குள்ளம், போர்டு எட்டாது.

"அண்ணி, போடாதீங்க" என்று அக்காவுக்குக் கேட்கும்படி கத்தினேன்.

"அதான் போடுறேங்கிறேன்ல. எட்ட வேணாமா? புருஷனும் பொண்டாட்டியும் காலுல வெந்நி ஊத்திட்டு நிக்கிறீங்க."

'போடாதீங்க' என்பதில் 'போடு' மட்டும்தான் சுவரைத் தாண்டிப் போயிருக்கிறது. மறுபடி கத்தினாலும் அதேதான் போகும். முக்காலி கிரீச்சிட்டு நின்றது. ஏறிவிட்டார். என் கணவரின் நாலு விரலும் டிஸ்க்கின் விளிம்பை ஒட்டி, பட்டைக்கு அடியில் இருந்தன. நடுவிரல் நுனியில் கறுப்புக் கிரீஸ். அந்த ஒரு விரலைத் தவிர வேறெதையும் என்னால் பார்க்க முடியவில்லை.

எங்கிருந்து வந்தது என்று தெரியாது. "அண்ணி, பால் பொங்குது" என்று கத்தினேன்.

முக்காலி ஆடியது. "ஐயையோ" என்ற குரலும் செருப்பும் சமையலறைப் பக்கம் ஓடின.

எனக்கு எவ்வளவு நேரம் கிடைத்திருக்கிறது? அடுப்புவரை போய்த் திரும்பும் நேரம். பட்டை ஆடாமல், கீழே கிடந்த ஒரு துண்டு இரும்பைக் காலால் எத்தினேன். அது சறுக்கிப் போய் அவர் பாதத்தில் மோதியது. அவர் எரிச்சலோடு நிமிர்ந்தார். நான் பேசவில்லை. கண்ணால் கைப்பிடியைக் காட்டினேன்.

அவர் பார்த்தார். விரல்களை அவசரமாக இழுக்கவில்லை, ஒவ்வொரு அங்குலமாக வெளியே எடுத்தார். விரல் முட்டியில் தோல் வழன்று ரத்தம் கசிந்தது. கை முழுதாக வெளியே வந்த பிறகுதான் சுவரோரம் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். காது மூடியைக் கழற்றியபடி திரும்பி வந்து கட்டை விரலால் பொத்தானை விடுவித்தார். 'டக்' என்றது.

அக்கா வாசலில் வந்து நின்றார், இடுப்பில் கை.

"எங்கம்மா பால்? அடுப்புல வெறும் குக்கர் உக்காந்திருக்கு. ஸ்விட்ச்சுல விரல் வச்சவ, பால்னு சொன்னதும் குதிச்சு ஓடினேன். முழங்கால் போயிடுச்சு."

'விரல் வச்சவ' என்றதும் என் கணவர் மெஷினின் மேல் சாய்ந்துகொண்டார். அக்கா தம்பியின் கையைப் பார்த்தார், டிஸ்க்கைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நீதானடா போடச் சொன்ன" என்றார் மெல்ல.

"இவகிட்ட சொன்னேன்க்கா. பட்டையக் கீழ போட்டுடாதன்னு."

அக்கா நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவர் என் பக்கம் வந்தார். "குடு. நான் வாங்கிக்கிறேன்."

"வரலைங்க."

"என்ன வரல?"

"கை வரல."

பட்டையைச் சுற்றி என் விரல்கள் பூட்டிக்கொண்டிருந்தன. அவர் கீழே ஒரு கையால் கனத்தைத் தாங்கி, ரத்தமும் கிரீஸுமாக இருந்த மறு கையால் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பட்டை தரையில் சாய்ந்ததும், அந்தக் கையை அப்படியே எடுத்து என் முகத்தோடு அழுத்திக்கொண்டேன். அக்கா இருப்பதைப் பற்றி இருவருமே கவலைப்படவில்லை.

பிளக் வெளியேதான் கிடந்தது. ஆனாலும் இருட்டும்வரை எங்கள் மூவரில் ஒருவருக்கும் அந்த முக்காலியில் ஏறி ஸ்விட்சைத் தூக்கிவிடத் துணிவு வரவில்லை.