மசூரின் அறுபத்தொரு படங்கள்

மசூர் மௌத்தான அன்று, ஜனாஸாவை வீட்டிலிருந்து எடுக்க முன்னரே அவனுக்கு மூத்த ராத்தா முஸ்பிறா வாட்ஸ்அப்பில் ஓர் அறிவித்தலைப் போட்டுவிட்டாள். "மர்ஹூம் மசூரின் படங்களை வைத்திருப்போர் அல்லாஹ்வுக்காக அழித்துவிடவும். இப்படிக்கு, மனைவி மற்றும் குடும்பத்தினர்." மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டாலும் பதில் சொல்லும் நிலையில் ஹிமாயா இருக்கவில்லை. படம் இருந்தால் மௌத்தானவருக்கு, அடக்கிய கப்றில் வேதனை என்பது முஸ்பிறாவின் அசையாத நம்பிக்கை. போனில் இருக்கும் படத்துக்கும் அது பொருந்துமா என்பதில் மௌலவிமாரே இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். அந்த இரண்டாவது விதத்தை முஸ்பிறாவின் முன்னால் எடுத்துச் சொல்ல அந்தக் குடும்பத்தில் எவருக்கும் தைரியம் இல்லை. தம்பி மேல் உயிரையே வைத்திருந்தவள் அவள், அதையும் சொல்லத்தான் வேண்டும். கல்முனைக்குடியிலிருந்து கட்டார் வரைக்கும் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் சொல் தட்டாமல் அழித்தார்கள்.

ஹிமாயா மட்டும் அழிக்கவில்லை. "அழிச்சிட்டன் மதினி" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு, இருந்த அறுபத்தொரு படங்களையும் போனுக்குள் தனியாக ஒரு கோப்பில் போட்டு, அதற்குச் 'சமையல்' என்று பெயர் வைத்தாள். அந்தப் பெயருக்குள் மதினி கை வைக்கமாட்டாள் என்பது அவளுடைய கணக்கு.

எல்லாமே ஒரே நாளில் எடுத்தவை. கலியாணம் முடித்த எட்டு வருடத்தில் மசூர் தன் இரும்புக்கடையை ஒரு நாள்கூடப் பூட்டியதில்லை. ஓகஸ்ட் லீவில் மகள் அப்னா அழுது அடம்பிடித்ததில்தான் ஒருவாறு மனம் இளகி, மூன்று பேருமாக அறுகம்பே கடற்கரைக்குப் போனார்கள். காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, செருப்புகளைக் கையில் தூக்கிக்கொண்டு, கணுக்கால் அளவு தண்ணீருக்கே பயந்து நிற்கிறான் ஒரு படத்தில். பாதிப் படங்களில் கண்ணை மூடியிருக்கிறான். போஸ் கொடுக்கத் தெரியாத மனிசன். திரும்பி வந்து பதினேழாம் நாள் அக்கரைப்பற்று றோட்டில் ஒரு டிப்பர் லொறி அவனை மோட்டார் சைக்கிளோடு அடித்துப்போட்டது.

புருசனை இழந்தவள் வெளியே போகாமல் இருக்கும் இத்தாவில் ஹிமாயா இருந்தபோது அப்னா மணிக்கொரு தரம் வந்து நிற்பாள். "உம்மா, வாப்பாட படத்தக் காட்டுங்க." காட்டினால் அழுவாள். அழுது அழுது சத்தி எடுப்பாள். ஏழு வயதுக்குள் அவ்வளவு அழுகை எங்கே இருந்ததோ. மூன்றாம் கிழமை ஹிமாயாவுக்குப் பொறுக்க முடியவில்லை. நம்பாத ஒரு விஷயத்தை மதினியிடமிருந்து இரவல் வாங்கினாள்.

"படத்தப் பார்த்தா வாப்பாக்கு கப்றுல நோகும் மகள். அதால உம்மா எல்லாத்தையும் அழிச்சிட்டன்."

பிள்ளை அந்த நிமிடமே வாயை மூடிக்கொண்டாள். பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை. கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக ஹிமாயா நினைத்தாள். ஒவ்வொரு நாளும் மத்தியானம் ளுஹர் தொழுதுவிட்டு, குசினிக்குள் போய், தான் மட்டும் பார்த்துக்கொண்டாள். செய்தது அநியாயம்தான். பிள்ளை வளர்ந்ததும் எடுத்துக் கொடுக்கலாம் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

சித்திரை லீவுக்கு முஸ்பிறாவின் வீட்டில் பிள்ளைகள் கூடியிருந்து டீவியில் ஒரு சினிமாப் படம் பார்த்தார்கள். கடலில் தகப்பனை இழந்த ஒரு சிறுவன். அவனுக்கு அலுமாரிக்குள் பழைய கமரா ஒன்று கிடைக்கிறது. அதற்குள் தகப்பனோடு சுற்றுலா போன நாட்களின் படங்கள். தகப்பன் சிரிக்கிறான், பையன் அழுகிறான். பார்த்த பிள்ளைகளும் ஒப்பாரி. முஸ்பிறாவின் மகன் இன்ஸாப், அப்னா காக்கா என்று கூப்பிடும் பன்னிரண்டு வயதுப் பெரிய மனிசன், சேர்ட்டை இழுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அப்னா அழவில்லை. எழுந்து போய் டீவியை நிறுத்தினாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"பார்க்காதீங்க! அந்த வாப்பாக்கு நோகும்!"

குசினியிலிருந்து ஓடிவந்த முஸ்பிறா பிள்ளையை அணைத்து உச்சியில் முத்தமிட்டாள். "மாஷா அல்லாஹ், இந்த வயசுல என்ன ஈமான் பாத்தியா ஹிமாயா!" ஹிமாயா தலையாட்டினாள். மாப் பிசைந்த கையோடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த நாள் ளுஹருக்குப் பிறகு வழமைபோலத் தன் குசினிக்குள் போய்ப் போனைத் திறந்தாள். 'சமையல்' இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. அழித்தவை போய்ச் சேரும் குப்பைத்தொட்டியைத் திறந்தாள். அதுவும் துடைத்துவிட்டது போலக் கிடந்தது.

"நான்தான் உம்மா."

அப்னா குசினி வாசலில் நின்றாள்.

"நேத்து படத்துல அந்தப் பொடியன் கமராவுக்குள்ள கண்டெடுத்தான்தானே. உங்கட போனுக்குள்ளயும் மிஞ்சியிருக்கும் எண்டு தேடினன். நீங்க மறந்திட்டீங்க உம்மா. இவ்வளவு நாளும் வாப்பாக்கு நொந்திருக்கும். குப்பைக்குள்ளயும் போய் அழிக்கணும் எண்டு இன்ஸாப் காக்காதான் செல்லித் தந்த."

ஹிமாயா அடிக்கக் கையை ஓங்கிவிட்டாள். ஓங்கிய கையை எப்படி இறக்கினாள் என்று அவளுக்கே தெரியாது. இனி யாரிடம் போய்க் கேட்பது? அவளுடைய பெயரைப் போட்டல்லவா எல்லாரையும் அழிக்க வைத்தார்கள்!

"நல்ல வேலை செஞ்ச மகள்" என்றாள்.

பிள்ளை போகவில்லை.

"உம்மா, ஒண்டு செல்லட்டா? ஏசமாட்டீங்கதானே?"

"செல்லு."

"அழிக்க முன்ன ஒவ்வொண்டையும் பார்த்திட்டன். வாப்பா சிரிக்கிற படத்த ரெண்டு தரம் பார்த்தன். எனக்கு ஆசையா இருந்திச்சு உம்மா. அதால வாப்பாக்கு கூட நொந்திருக்குமா?"

சொல்லி முடிக்க முன்னரே உடைந்து அழுதாள். ஏழு மாதமாக அடக்கி வைத்த அழுகை. ஹிமாயா தரையில் உட்கார்ந்து அவளை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். இன்னொரு பொய் நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தது. ஆனால் இந்தச் சின்ன நெஞ்சு எத்தனை வருடத்துக்கு இதைச் சுமக்கும்?

"இல்ல மகள். நோகல்ல. ஒரு நாளும் நோகல்ல. உம்மா பொய் செல்லிட்டன். நீ அழுறதப் பார்க்க ஏலாமச் செல்லின பொய்."

அழுகை நின்றது. அப்னா தாயின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தரையில் கிடந்த போனைப் பார்த்தாள்.

"அப்ப நான் சும்மாவா உம்மா அழிச்சன்?"