அக்கா 'சூப்பர்' போடாத நாள்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் பல்செட் இப்போதே கழன்று விழட்டும்.

வெள்ளம் வந்த அன்று நான் மீட்புக் கட்டுப்பாட்டு அறையில் தன்னார்வலனாக இருந்தேன். ஊரார் இணையத்தில் போடும் பதிவுகளைப் படித்து, எது உதவி, எது வேடிக்கை என்று பிரிக்கும் வேலை. உதவி என்று அழுத்தினால் சுவரிலுள்ள வரைபடத்தில் சிவப்புப் புள்ளி விழும். புள்ளி அடர்ந்த இடத்துக்குப் படகு போகும்.

முதல் படகு போய் நின்றதும், மூன்றாவது மாடியிலிருந்த குடும்பம் சிரித்துக்கொண்டே அதையும் படம்பிடித்துப் போட்டது. லைக் குவிந்தது. ஆனால் என் அக்காவின் 'சூப்பர்' மட்டும் இல்லை.

அக்கா தரைத்தள வீட்டில் தனியாக இருப்பவள். ஊரில் யார் எதைப் போட்டாலும் மறுநிமிடம் 'சூப்பர்' போட்டுவிடுவாள். இரங்கல் செய்திக்கும் அதேதான்.

அதிகாரியிடம் ஓடினேன். "மேடம், எங்கக்கா வாயடைச்சுப் போயிட்டா. படகு அனுப்புங்க."

"உதவி கேட்டு ஏதாவது போட்டிருக்காங்களா ஐயா?"

"ஒண்ணுமே போடலை. அதான் பயமா இருக்கு."

"ஒண்ணும் போடாதவங்களுக்கெல்லாம் படகு விடணும்னா, நான் கப்பல்படைதான் வெச்சிருக்கணும்."

அதற்குள் ஊரே விழித்துக்கொண்டது. 'அக்கா எங்கே?', 'என் படத்துக்கு சூப்பர் வரலையே!' என்று பதிவுகள் கொட்டின. நான் விரல் வைக்காமலே அக்காவின் தெருவில் சிவப்பு ஏறியது. ஏறி, வழிந்து, சுவரிலும் ஒட்டிக்கொண்டது. பின்னால் இரண்டு முறை வெள்ளையடித்தும் போகவில்லை. அதிகாரி மறுபேச்சில்லாமல் படகைத் தந்தார். நானும் தொற்றிக்கொண்டேன்.

அக்கா பீரோ மேல் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் அவள் பாதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. கையில் உயிரில்லாத கைபேசி.

"வெறுங்கையை வீசிக்கிட்டு வந்திருக்கே. சார்ஜர் எங்கடா?"

"உசிரோட இருக்கியே, அது போதாதா?"

"எத்தனை பேருக்கு பாக்கி இருக்கு தெரியுமா? தள்ளு, ஏறணும்."

படகோட்டி தன் பவர்பேங்கைக் கொடுத்தார். கைபேசி உயிர்பெற்றதும், அடைபட்டிருந்த 'சூப்பர்' எல்லாம் ஒரே மூச்சில் கிளம்பின. அந்த உதைப்பில் படகு எதிர்நீச்சல் போட்டு நிவாரண முகாம் வாசலில் போய்த்தான் நின்றது. மோட்டாரைப் போடவே இல்லை.

இப்போதெல்லாம் அந்த வரைபடத்தில் நீலப் புள்ளியும் உண்டு, ஓயாமல் பேசித் திடீரென்று அடங்கியவர்களுக்காக. அதற்கு அதிகாரி வைத்த பெயரே 'அக்கா புள்ளி'.

நான் என் பெற்றோருக்கு ஒரே பிள்ளை; கூடப்பிறந்தவர் யாரும் கிடையாது.